இடிபாடுகளும் இலக்கிய நோக்கும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலே சிதைந்து நிற்கும் கோட்டைகளையும் மடாலயங்களையும் காணச் செல்லும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வேரூன்றியதாகும். அதற்கு முன்னரும் அவ்விடங்களுக்குச் சென்றோர் உளர். பழம்பொருள் ஆராய்வோர் கல்லறைகளையும் கல்வெட்டுகளையும் குறித்துக்கொள்ளச் சென்றனர். அயற்கிராமத்தவர் வீடு கட்டக் கல் எடுக்கச் சென்றனர். ஆனால், அழகை நுகர்வதற்கென்றே இடிபாட்டை நாடிச் செல்லும் பயணி புதியவன். அவனை உருவாக்கியதில் இலக்கியத்துக்குப் பெரும் பங்குண்டு. அவ்விலக்கியம் அவனுக்கு எதனைக் காட்டிற்று, எதனை மறைத்தது என்னும் வினா இரசனை பற்றியது மட்டுமன்று, வரலாற்றுணர்வு பற்றியதுமாகும். வில்லியம் கில்பின், ஜேன் ஒஸ்ரின், வோல்ரர் ஸ்கொட் ஆகிய மூவரின் நூல்களை ஒருங்குவைத்து நோக்கும்போது இவ்வினா தெளிவு பெறுகிறது.

இடிபாடுகளைக் காலத்தின் கைவேலையாகக் கூறுதல் மரபு. மழையும் காற்றும் வேரும் கொடியும் நூற்றாண்டுக்கணக்கில் ஆற்றிய பணியே அவை என்பது அம்மரபின் துணிபு. கைவிடப்பட்டு மெல்லச் சிதைந்த கோட்டைகள் இல்லாமலில்லை. ஆயினும், இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடிபாடுகளுட் பல, குறிப்பிட்ட ஆண்டுகளிலே குறிப்பிட்ட மனிதரின் கட்டளைப்படி ஆக்கப்பட்டவை. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1536க்கும் 1540க்கும் இடையில், ஏறத்தாழ 800 மடாலயங்களும் பிற துறவற இல்லங்களும் கலைக்கப்பட்டன. அவற்றின் நிலங்கள் முடிக்குரியனவாகிப் பெரும்பாலும் விற்கப்பட்டன. கூரைகளிலிருந்த ஈயம் உரித்தெடுக்கப்பட்டு உருக்கப்பட்டது. கூரையை இழந்த பின்னரே அக்கட்டிடங்கள் மழைக்கு இரையாயின. யோர்க்ஷயரிலே 1132இல் நிறுவப்பட்ட பவுண்டன்ஸ் மடாலயம் 1539இல் அரசனிடம் ஒப்படைக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே சேர் றிச்சர்ட் கிறெஷம் என்னும் லண்டன் வணிகருக்கு விற்கப்பட்டது. 1536இல் வடபகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, மடாலயங்களைக் காத்தல் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. கிளர்ச்சி நசுக்கப்பட்டது, அதன் தலைவர்கள் 1537இல் கொல்லப்பட்டனர்.

கோட்டைகளின் கதையும் இத்தகையதே. 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரிலே வெற்றிபெற்ற பாராளுமன்றத்தினர், எதிரணியினர் மீண்டும் அரணாகக் கொள்ளாதவாறு பல கோட்டைகளைத் திட்டமிட்டுச் சிதைத்தனர். டோர்செற்றிலுள்ள கோர்ஃப் கோட்டை 1646இலும் வோரிக்ஷயரிலுள்ள கெனில்வேர்த் கோட்டை 1649இலும் இக்கதியை அடைந்தன. கெனில்வேர்த்தைச் சூழ்ந்திருந்த பெரிய நீர்ப்பரப்பும் வடிக்கப்பட்டது. ஆகவே, இவ்விடங்களிலே காலம் செய்த வேலை சிறிது. அரசும் உடைமை மாற்றமும் செய்த வேலை பெரிது. இவ்வுண்மையை மனங்கொண்டே இலக்கியத்தை அணுகுதல் வேண்டும்.

இடிபாட்டை நோக்கும் முறையொன்றை வகுத்துக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் கில்பின். 1770இல் வை நதி வழியே அவர் மேற்கொண்ட பயணத்தின் குறிப்புகள் 1782இல் நூலாக வெளிவந்தன. ஓவியமாகத் தீட்டுவதற்குத் தகுதியான காட்சி எது என ஆராய்வதே அந்நூலின் நோக்கம். இவ்வோவியப் பாங்கு விரைவில் ஒரு கோட்பாடாகவே வளர்ந்தது. வை நதியின் வேல்ஸ் கரையிலுள்ள ரின்ரேண் மடாலயத்தைப் பற்றிக் கில்பின் எழுதிய பகுதி அக்கோட்பாட்டின் இயல்பைக் காட்டப் போதுமானது. மடாலயத்தின் முக்கோணச் சுவர்முகங்கள் மிக ஒழுங்காக இருப்பது அவர் கண்ணை உறுத்துகிறது. கொட்டாப்புளி கொண்டு பக்குவமாகச் சில இடங்களை உடைத்துவிட்டால் நன்றாயிருக்கும் எனக் கருதுகிறார். இடிபாடு போதிய அளவு இடிந்திருக்கவில்லை என்பதே குறை. இங்கே அழிவு துயர நிகழ்வு என்ற நிலையிலிருந்து அழகியற் பண்பு என்ற நிலைக்கு மாறிவிடுகிறது.

எனினும், கில்பினைக் கண்மூடி என்று தள்ளிவிட முடியாது. அவ்விடிபாட்டிடையே குடிசையமைத்து இரந்து வாழ்ந்த வறியவர்களை அவர் கண்டார். அவர்களுடைய அவலத்தை எழுதினார். அரை மைல் தூரத்திலே இரும்பாலைகள் இயங்கியதையும் குறித்தார். ஆனால், அவர் வகுத்த கோட்பாட்டிலே அவ்விரண்டுக்கும் இடமில்லை. அவருடைய கண் கண்டதை அவருடைய சட்டகம் வெளியே தள்ளிற்று. அவருக்குப் பின்வந்தோர் சட்டகத்தை எடுத்துக்கொண்டனர், கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை. 1793 முதல் பிரான்சுடன் நிகழ்ந்த போர்கள் ஐரோப்பியப் பயணத்துக்குத் தடையானபோது, உள்நாட்டுக் காட்சிகளை நாடிய நடுத்தர வர்க்கத்தாருக்கு இத்தகைய நூல்கள் கைவிளக்காயின. சொந்தமாக நிலமில்லாதவரும் நிலக்காட்சியை நுகரலாம் என்ற உணர்வை அவர்களிடையே பரப்பியமை கில்பினின் சாதனை என்பதையும் மறுத்தலாகாது.

நிலவுடைமையாளரோ காட்சியை நுகர்வதோடு நின்றாரல்லர். அதனை விலைக்கு வாங்கினர். தென்கடற் கம்பனி ஊழலிற் சிக்கி 1721இல் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முன்னாள் நிதியமைச்சர் ஜோன் எயிஸ்லபி, யோர்க்ஷயரிலிருந்த தம் ஸ்ரட்லி றோயல் நிலத்துக்குத் திரும்பிப் பெருந்தோட்டமொன்றை அமைப்பதில் முனைந்தார். ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுசெல்லும் ஒப்பந்த உரிமையைப் பெற்றிருந்தது அக்கம்பனி. அவருடைய மகன் வில்லியம், அயலிலிருந்த பவுண்டன்ஸ் இடிபாட்டை 1767இல் வாங்கித் தோட்டத்தோடு இணைத்தார். தோட்டத்தில் உலாவருவோன் ஒரு திருப்பத்தை அடைந்ததும் மடாலயம் திடீரெனத் தோன்றுமாறு காட்சி அமைக்கப்பட்டது. துறவியரின் தேவாலயம் ஒரு கனவானின் பூந்தோட்டத்துக்கு முடிவுக் காட்சியாயிற்று. இடிபாட்டைத் துப்புரவாக்கிச் செப்பனிட்டமைக்காக எயிஸ்லபியைக் கில்பின் சாடினார். எவ்வாறு இடிந்திருத்தல் வேண்டும் என்பதே அவ்விருவர்க்குமிடையேயிருந்த பிணக்கு. ஏன் இடிந்தது என்பது அப்பிணக்கிலே எழவில்லை.

இவ்வினாவை எழுப்பியவர், அதுவும் நகைச்சுவையின் வாயிலாக எழுப்பியவர், ஜேன் ஒஸ்ரின் ஆவார். அவருடைய மறைவுக்குப் பின்னர் 1817இன் இறுதியில் வெளிவந்த ‘நோர்தாங்கர் அபி’ என்னும் நாவல், திகிற்கதைகளைப் படித்து மயங்கிய கதறின் என்னும் இளம்பெண்ணின் கதை. பழங்கோட்டையொன்றைக் காணவேண்டும் என்பது அவளது பேராவல். இங்கிலாந்திலேயே மிகப் பழைய கோட்டை எனக் கூறிப் பிளெய்ஸ் கோட்டைக்கு அவளை அழைத்துச் செல்கிறான் ஒருவன். அவர்கள் அங்கே போய்ச் சேர்வதில்லை. பிரிஸ்ரலுக்கு அண்மையிலுள்ள அக்கட்டிடம் உண்மையிலே பழங்கோட்டையன்று. தோமஸ் பார் என்னும் சீனி வணிகர் 1766இல் அழகுக்காகக் கட்டுவித்த போலிக் கோட்டை அது. கரிபியத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சீனியின் இலாபம், இங்கிலாந்தின் குன்றொன்றிலே பழமையின் வேடம் பூண்டு நின்றது. கதறின் அறியாத இச்செய்தியை அப்பகுதியை அறிந்த அக்கால வாசகர் அறிந்திருப்பர். எள்ளலின் கூர்மை அதிலேயே தங்கியுள்ளது.

இதனினும் ஆழமானது பீச்சன் குன்றிலே நிகழும் உரையாடல். ஹென்றி என்னும் இளைஞன் கதறினுக்கு ஓவியப் பாங்கின் இலக்கணத்தைப் போதிக்கிறான். பாறைத் துண்டிலும் பட்ட மரத்திலும் தொடங்கும் அவன் பேச்சு, மரங்களுக்கும் காடுகளுக்கும் சென்று, அவற்றை வேலியடைத்தல், தரிசு நிலம், முடிக்குரிய நிலம், அரசாங்கம் எனப் படிப்படியாக நகர்ந்து அரசியலை எட்டுகிறது. எட்டியதும் மௌனம் கவிகிறது. பொதுநிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களால் வேலியடைக்கப்பட்டுச் சிறு குடியானவர் தம் மேய்ச்சல் உரிமையை இழந்துகொண்டிருந்த காலம் அது. அழகிய காட்சியொன்றின் பின்னணியைத் தொடர்ந்து வினவினால் உடைமையிலும் ஆட்சியிலும் போய் முடியும் என்பதையும், நாகரிகமான உரையாடல் அவ்விடத்திலே நின்றுவிடும் என்பதையும் ஒஸ்ரின் சில வரிகளில் உணர்த்திவிடுகிறார்.

நாவலின் தலைப்பாய் அமைந்த இல்லமும் கலைக்கப்பட்ட மடாலயமே. கலைப்பின்போது அது தில்னி குடும்பத்தின் முன்னோர் ஒருவரின் கைக்கு வந்த செய்தியை ஆசிரியர் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறார். இருண்ட அறைகளையும் ஒட்டடையையும் எதிர்பார்த்துச் செல்லும் கதறின், தெளிந்த கண்ணாடிச் சாளரங்களையும் புதுமுறை அடுப்பையும் அன்னாசி விளையும் கண்ணாடிக் கூடங்களையும் காண்கிறாள். ஏமாற்றமடைந்தவள், தளபதி தில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் எனக் கற்பனை செய்கிறாள். அது பொய்யாகிறது. ஆனால், அவள் செல்வந்தள் அல்லள் என அறிந்ததும் அதே தளபதி அவளைத் துணையின்றி வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். பழஞ்சுவர்களிலே தேடிய கொடுமை, உடைமையாளரின் கணக்கிலே இருந்தது. அழகிய பழமையை நுகரச் சென்றவள், அப்பழமையைக் கைப்பற்றிய வர்க்கத்தின் நிகழ்கால முகத்தைக் கண்டு திரும்புகிறாள்.

ஸ்கொட்டின் ‘கெனில்வேர்த்’ 1821இல் வெளிவந்தது. முதலாம் எலிசபெத் 1575ஆம் ஆண்டு யூலையிலே இக்கோட்டையில் 19 நாட்கள் தங்கியதும், லெஸ்ரர் பிரபு அவளுக்களித்த பெருவிருந்தும் நாவலின் மையம். லெஸ்ரரின் மனைவி ஏமி றொப்சாட் அவ்விருந்தின்போது மறைந்து வாழ்வதாகக் கதை புனையப்பட்டுள்ளது. வரலாற்றிலோ அவள் 1560இலேயே இறந்துவிட்டாள். இதனைப் பிழையெனக் கொள்ளத் தேவையில்லை. புனைகதைக்கு அவ்வுரிமை உண்டு. பெருமதில்களின் பகட்டுக்கும் அவற்றின் நிழலில் வஞ்சிக்கப்பட்ட பெண்ணுக்குமிடையே ஸ்கொட் அமைக்கும் முரண் உண்மையான ஆற்றல் வாய்ந்தது. அவ்வகையில் அவர் கற்களுக்கு மனிதரை மீட்டுக் கொடுத்தார்.

ஆனால், தம் காலத்துக் கெனில்வேர்த்தைச் சித்திரிக்குமிடத்து அவர் நோக்கு வேறாகிறது. ஏரி சதுப்பாகிவிட்டது, பாழடைந்த மாளிகை மனித உடைமைகளின் நிலையாமையை உணர்த்துகிறது என்பதே அவர் கூறும் படிப்பினை. நிலையாமை தமிழிலக்கிய மாணவர்க்குப் பழக்கமான பொருள். அதன் கம்பீரத்தை எவரும் மறுக்கார். ஆயின், கெனில்வேர்த்தின் ஏரி தானாக வற்றவில்லை. மதிலும் தானாகப் பிளக்கவில்லை. அரசனின் அதிகாரத்தை எதிர்த்துப் போரிட்டு, அவனைத் தண்டித்த அதே 1649ஆம் ஆண்டில், ஒரு புதிய அதிகாரம் செய்த செயல் அது. பொதுவான நிலையாமை அக்குறிப்பிட்ட செயலை மூடிவிடுகிறது. எல்லாம் அழியும் என்ற வாக்கியம் உண்மையாயிருப்பினும், யார் அழித்தார் என்ற வினாவுக்கு அது விடையாகாது.

நாவல் புகழ்பெற்றதும் பயணிகள் கெனில்வேர்த்தை மொய்த்தனர். அன்று தொடங்கிய போக்கு இன்னும் ஓய்ந்திலது. 2009இல் அங்கே எலிசபெத் காலத்துத் தோட்டமொன்று மீளமைத்துத் திறக்கப்பட்டது. 1575இன் விருந்தை வருணிக்கும் கடிதமொன்றும் அகழாய்வும் அதற்கு ஆதாரங்களாயின. விருந்து நடந்த ஆண்டு மலர்ப்பாத்திகளாக மீண்டது. சிதைத்த ஆண்டு பிளந்த சுவராக நிற்கிறது. இரண்டையும் ஒருங்கே வாசிக்கும் பயணியே கோட்டையை முழுமையாகக் காண்பவன்.

அரசு இடிபாடுகளைப் பேணத் தொடங்கியமையும் இந்நோக்கினை மாற்றவில்லை, ஒருவகையில் உறுதிப்படுத்திற்று. 1882ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்திய சின்னங்களையே கருத்திற் கொண்டது. 1913ஆம் ஆண்டுச் சட்டமே வலுவான பாதுகாப்பை அளித்தது. அதற்காக உழைத்தவர்களுள் கேர்சன் பிரபு முக்கியமானவர். இந்தியாவின் அரசப் பிரதிநிதியாயிருந்தபோது 1904இல் அங்கே பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய அனுபவம் அவருக்கிருந்தது. லிங்கன்ஷயரிலுள்ள ரற்றர்சோல் கோட்டையை 1911இல் வாங்கிக் காத்தவரும், சசெக்சிலுள்ள போடியம் கோட்டையைத் தேசிய நம்பிக்கை நிதியத்துக்கு விட்டுச் சென்றவரும் அவரே. ஆளப்பட்ட நாட்டிலே முதலிற் செயற்பட்ட சட்ட முறைமை, ஆண்ட நாட்டுக்குத் திரும்பி வந்தமை கவனிக்கற்பாலது. பின்னர் அரசின் பொதுவேலைப் பகுதியினர் ஐவிக் கொடிகளைக் களைந்து, சுவர்களை வலுப்படுத்தி, சுற்றிலும் புற்றரை விரித்தனர். கில்பினின் காடு போய்ப் பச்சைக் கம்பளம் வந்தது. அறிவியல் முறைப்பட்ட இப்பேணலாற் சுவர்கள் பிழைத்தன. ஆயினும், சீராகக் கத்தரித்த புல்லின் மீது நிற்கும் சுவர், என்றுமே அமைதியாக நின்றதுபோலத் தோற்றுகிறது.

2020இல் தேசிய நம்பிக்கை நிதியம் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியுடனும் அடிமை முறையுடனும் இருந்த தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டது. அதனையொட்டிப் பெரும் வாதம் எழுந்தது. அழகிய இடங்களைக் காண வருவோரிடம் இவற்றைக் கூறலாமா என்பதே எதிர்த்தோர் பலரின் மனக்குறை. பீச்சன் குன்றிலே கவிந்த மௌனத்தைக் காக்கும் முயற்சியாகவே இதனைக் கொள்ளலாம்.

மூவருள் எவரும் ஒதுக்கத்தக்கவரல்லர். கில்பின் பார்க்கக் கற்பித்தார். ஸ்கொட் உணரக் கற்பித்தார். ஒஸ்ரின் ஐயுறக் கற்பித்தார். முதலிரண்டும் பயணியிடம் இன்றும் நிறைவாகவுள்ளன, மூன்றாவதே குறைவாகவுள்ளது. இடிபாட்டின் அழகை மறுப்பது விமரிசனத்தின் பணியன்று. அவ்வழகுக்குரிய ஆண்டையும் கட்டளையையும், கல்லைச் சுமந்தவரையும் கூரையை இழந்தவரையும் அதனருகே நிறுத்துவதே பணி. அவ்வாறு நிறுத்திய பின்னரும் பவுண்டன்ஸின் கோபுரம் மாலை வெயிலில் அழகாகவே இருக்கும். அப்பொழுது அது காலத்தின் கைவேலையாகவன்றி, மனிதர் கட்டி மனிதர் இடித்ததாகக் காட்சி தரும்.