இவ்வளவு வானம் எங்கிருந்து வந்தது?

எமிலி கார் 1935இல் வரைந்த ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘மரம் வெட்டுவோர் ஒதுக்கியது, வானத்துக்குப் பிரியமானது’. வான்கூவர் கலைக்கூடத்தில் இருக்கும் படம். மெலிந்த நெடுமரம் ஒன்று கிளைகளின்றி உச்சிவரை எழுகிறது. நுனியில் மட்டும் கொஞ்சம் தழை. அதைச் சூழ்ந்து வானம் அலையலையாக ஒளிவிடுகிறது.

வகுப்பில் இதன் அச்சுப்படியைக் காட்டினால் மாணவிகள் உடனே சொல்வார்கள்: “மேடம், அந்த மரம் அவங்கதான்.” நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தேன். அதற்குக் காரணம் உண்டு. 1871இல் கனடாவின் விக்டோரியாவில் பிறந்த கார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1910-11இல் பிரான்சில் தங்கி, பின் இம்ப்ரெஷனிச ஓவியர்களின் அழுத்தமான வண்ணங்களைக் கற்றுத் திரும்பினார். ஊரில் அந்தப் படங்களை வாங்க ஆளில்லை. வீட்டை வாடகைக்கு விட்டு, நாய் வளர்த்து விற்று, மண்பாண்டம் செய்து பிழைத்தார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அவர் வரைந்தது மிகக் குறைவு. 1927இல் ஒட்டாவா தேசியக் கலைக்கூடம் அவரைக் கண்டுகொண்டபோது ஐம்பதைக் கடந்திருந்தார். அதன் பிறகே இந்தக் காடுகள் வந்தன. பெட்ரோலில் கரைத்த எண்ணெய் வண்ணத்தை மலிவான காகிதத்தில் தீட்டிப் பழகிய கையின் வேகம் கேன்வாஸ் வானத்திலும் தெரிகிறது.

ஒதுக்கப்பட்ட பெண், ஓங்கி நிற்கும் மரம். இந்த வாசிப்பு நமக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் படத்தின் அடிப்பகுதியைப் பார்க்கவிடாமலும் செய்கிறது. அங்கே இருப்பது வெட்டித் தீர்ந்த நிலம். இந்த மரம் வலிமையால் தப்பவில்லை. விலை போகாததால் விடப்பட்டது. அடர்ந்த காட்டுக்குள் இருந்திருந்தால் இந்த ஒளி அதன்மேல் விழுந்திருக்காது. பக்கத்து மரங்கள் சாய்ந்ததால் திறந்த வானம் இது.

காருக்கு இது தெரியும். வெட்டுமரத்தின் அடிக்கட்டையில் பிளந்து நிற்கும் சிம்புகளுக்கு அவர் ‘அலறிகள்’ என்று பெயர் வைத்திருந்தார். 1939இல் வரைந்த ‘மிச்சம் மீதி’ ஓவியத்தில் அடிக்கட்டைகளே முன்னால் நிற்கின்றன.

அவர் பார்க்காத இழப்பும் ஒன்று உண்டு. இந்தக் காடுகள் பூர்வகுடிகளின் நிலம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி ஒப்பந்தம் எதுவுமின்றியே அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அவர்களது ‘பொட்லாச்’ சடங்கை 1885 முதல் 1951 வரை சட்டம் தடை செய்திருந்தது. காரின் ஓவிய வாழ்வு முழுவதும் அந்தக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவர்களுடைய ஊர்களையும் குலமரத் தூண்களையும் முன்பு நிறைய வரைந்தவர்தான். முப்பதுகளின் காடுகளிலோ மனிதர்களே இல்லை. அந்தத் தனிமையை ஆன்மிகம் என்று மட்டும் கொண்டாட எனக்கு இப்போது முடியவில்லை.

இதனால் கார் சிறியவராகிவிடவில்லை. பொய்யில்லாத கை அவருடையது. வெறுமையான நிலத்தையும் மறைக்காமல் வரைந்திருக்கிறது. சிக்கல் நம் வாசிப்பில்தான். தனித்து உயர்ந்த ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடித்ததும் பெண்ணிய வரலாறு எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அவளோடு இருந்து இல்லாமல் போனவர்களைக் கேட்பதில்லை.

“மரம் யார்?” என்று மாணவிகளிடம் நான் இப்போது கேட்பதில்லை. “இதைச் சுற்றி ஏன் இவ்வளவு வானம்?” என்று கேட்கிறேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாகிறது. பிறகு யாராவது ஒருத்தி படத்தின் அடிப்பகுதியைப் பார்க்கத் தொடங்குகிறாள்.