ஆக்டிங் டிரைவரும் அடுத்தவர் வேலைநிறுத்தமும்

2018 ஜனவரி 4ஆம் தேதி மாலை தமிழ்நாடு முழுவதும் அரசுப் பேருந்துகள் பணிமனைக்குத் திரும்பத் தொடங்கின. ஊதிய உயர்வுக்கு 2.57 என்ற பெருக்கு விகிதம் கேட்டன தொழிற்சங்கங்கள். 2.44க்கு மேல் ஏற முடியாது என்றது அரசு. வேலைக்குத் திரும்பும்படி மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியும் வண்டிகள் வெளியே வரவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனை மத்தியஸ்தராக நீதிமன்றம் நியமித்த பிறகுதான், 11ஆம் தேதி போராட்டம் முடிந்தது. பொங்கலுக்கு முந்தைய அந்த ஒரு வாரமும் தற்காலிக ஓட்டுநர்களைக் கொண்டு வண்டிகளை ஓட்டினார்கள். 2024 ஜனவரி 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்திலும் இதே ஏற்பாடுதான்.

இந்தப் போராட்டங்களைப் பற்றிப் பேசியவர்கள் அரசு, சங்கம் என்ற இரண்டு தரப்பைப் பற்றியே பேசினார்கள். இன்னொருவர் இருக்கிறார். அவர் சங்கத்தில் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்திலும் இல்லை. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தனியார் பேருந்தையோ மினி பஸ்ஸையோ ஓட்டுபவர். "இன்னைக்கு கவர்மெண்ட் வண்டி கிடையாது, நாலு சிங்கிள் சேர்த்து அடி" என்கிறார் முதலாளி. சிங்கிள் என்றால் ஒரு வழி நடை. அல்லது கனரக உரிமம் வைத்திருக்கும் ஆக்டிங் டிரைவருக்கு, பணிமனைக்கு வந்து அரசு வண்டியை எடுக்கச் சொல்லி அழைப்பு வருகிறது. அவர் மாட்டேன் என்று சொல்லலாமா? ஒரு விமான நிறுவனத்தின் விமானிகள் வேலைநிறுத்தம் செய்யும்போது, அந்தப் பயணிகளை ஏற்றிப் பறக்க மாட்டேன் என்று வேறொரு நிறுவனத்தின், சங்கத்தில் சேராத விமானி மறுக்கலாமா என்பதும் இதே கேள்விதான். சம்பளம் வேறு, சீருடை வேறு. சட்டத்தின் முன் இருவரும் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்று.

முதலில் அந்த ஓட்டுநரின் வருமானத்தைப் பார்க்க வேண்டும். தனியார் பேருந்தில் பெரும்பாலும் நாள் கூலி உண்டு. அதற்கு மேல் கலெக்‌ஷனுக்கு ஏற்பப் படி. சாதாரண நாளில் முன்னால் போகும் அரசு வண்டி பாதிப் பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விடும். டைமிங்குக்காக நிறுத்தத்துக்கு நிறுத்தம் சண்டை நடக்கும். வேலைநிறுத்த நாளில் அந்தப் போட்டி இல்லை. படிக்கட்டு வரை ஆள் நிற்கிறது, கலெக்‌ஷன் ஏறுகிறது, படியும் ஏறுகிறது. ஆக்டிங் டிரைவருக்கோ நியமன உத்தரவு கிடையாது, பி.எஃப். கிடையாது, கூப்பிட்டால்தான் வேலை. அவரிடம் போய் வர்க்க ஒற்றுமை பேசுகிறவர், அவர் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு நடைக்கும் அவர் வீட்டில் எவ்வளவு குறைகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

சட்டம் இவரை ஒரு பொறிக்குள் நிறுத்தியிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வேலைநிறுத்தத்துக்குச் சொன்ன இலக்கணத்தில் சங்கம் என்ற பேச்சே இல்லை. பலர் சேர்ந்தோ, ஒரு பொதுப் புரிதலோடோ வேலையைத் தொடர மறுத்தாலும், வேலையை ஏற்க மறுத்தாலும் அது வேலைநிறுத்தம். அதாவது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மூன்று தனியார் ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டே "எக்ஸ்ட்ரா டிரிப் வேண்டாம்" என்று முடிவு செய்தால் அதுவே வேலைநிறுத்தமாகிவிடலாம். அந்தச் சட்டப்படி பொதுப் பயன்பாட்டுச் சேவையில் அதற்கு முன்னறிவிப்பு வேண்டியிருந்தது. விமானப் போக்குவரத்தைச் சட்டமே அந்தப் பட்டியலில் வைத்தது. சாலைப் போக்குவரத்தை அரசு அறிவிக்கை மூலம் சேர்க்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் எல்லாத் தொழில்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. அடுத்தவர் வேலைநிறுத்தம் இன்று காலை தொடங்குகிறது. நாம் மறுக்க 14 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் போராட்டமே முடிந்துபோயிருக்கும். முன்னறிவிப்பு இல்லாவிட்டால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, யாரோடும் பேசாமல் தனியாக மறுத்தால்? அப்போது அது வேலைநிறுத்தம் ஆகாது, கீழ்ப்படியாமை ஆகிவிடும். மாதிரி நிலையாணைகளின்படி, மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது ஒழுங்கீனம். பெரிய நிறுவனம் என்றால் விசாரணையாவது நடக்கும். நான்கைந்து வண்டி வைத்திருக்கும் முதலாளி "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொன்னால் கதை முடிந்தது. சேர்ந்து மறுத்தாலும் குற்றம், தனியாக மறுத்தாலும் குற்றம் என்ற இந்த அமைப்பு எனக்குச் சட்டத்தின் தற்செயலான ஓட்டையாகத் தெரியவில்லை. தகராறு என்பது ஒரு முதலாளிக்கும் அவருடைய தொழிலாளிகளுக்கும் இடையில் மட்டுமே நடப்பது என்று நம்பி எழுதப்பட்ட சட்டம் இது. பக்கத்து வண்டியின் ஓட்டுநருக்கு அதில் இடமே இல்லை.

இந்த நம்பிக்கையின் வேர் சென்னையில்தான் இருக்கிறது. 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை நிர்வாகம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 1920இல் தடையாணையும் வாங்கியது. சங்க நடவடிக்கைக்காக ஒரு தலைவரைச் சிவில் வழக்கில் சிக்க வைக்க முடியும் என்ற அதிர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். அது பதிவு பெற்ற சங்கத்துக்கும் அதன் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தந்தது. அதுவும் சங்க உறுப்பினர் ஒருவர் தரப்பாக இருக்கும் தகராறில்தான். சங்கத்தில் இல்லாதவர் இந்தக் குடைக்குள் வர முடியாது. அவர் ஆதரிப்பது வேறு நிறுவனத்தின் தகராறு என்பதால் இரண்டாவது முறையும் வெளியே தள்ளப்படுகிறார்.

ஆனால் அதே ஆலையின் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வேறொன்றையும் சொல்கிறது. மறுப்பை ஒரு கடமையாகவே பேசுகிறவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அந்த வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் திரும்பிப் போனவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடத் தொழிலாளர்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மாதக்கணக்கில் நீண்ட போராட்டம் தோற்றது. அவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், சங்கத்தில் யார் கை ஓங்கியிருந்தது, சேரியில் எத்தனை நாளுக்கு அரிசி இருந்தது, ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்களுக்காக ஏன் குரல் கொடுத்தார் என்ற கேள்விகளெல்லாம் அடிபட்டுப்போகும். தன்னை உள்ளே சேர்த்துக்கொள்ளாத சங்கத்துக்காக வெளியில் நிற்பவர் பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இல்லை. இன்றும் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் கதவு திறக்கும் சங்கங்கள் உண்டு. ஒப்பந்தக்காரரும் ஆக்டிங் டிரைவரும் அதன் வாசலில்தான் நிற்கிறார்கள்.

பயணிகள் பக்கமும் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் வாய்தாவுக்குப் போகிறவருக்கு அந்த வண்டி வராவிட்டால் பிடிவாரண்ட் வரலாம். ராஜபாளையம் மில்களில் ஷிப்ட் மாறும் பெண்கள் இருக்கிறார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத் திருமங்கலம் வழியாகப் போகும் நோயாளிகள் இருக்கிறார்கள். இவர்களைத் தவிக்கவிட்டுத்தான் என் ஒற்றுமையைக் காட்டுவேன் என்றால், அந்த ஒற்றுமைக்கு ஊரின் ஆதரவு கிடைக்காது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை எந்த வகையிலும் இல்லை என்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டி.கே. ரங்கராஜன் வழக்கில் சொன்னபோது, பொதுமக்களின் அவதியையும் அது ஒரு காரணமாகக் காட்டியது. சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே அடியில் வேலைநீக்கம் செய்த அரசின் செயலை எதிர்த்துப் போன வழக்கு அது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பயணியின் அவதி என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்கவும் மாட்டேன்.

இந்த இடத்தில்தான் ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. தன் வழக்கமான நடை வேறு, அடுத்தவர் வேலையை நிரப்பும் நடை வேறு. காலை 6.10க்கு எப்போதும் எடுக்கும் வண்டியை வேலைநிறுத்த நாளிலும் எடுக்கட்டும். அந்தப் பயணிகள் அவரை நம்பி நிற்பவர்கள். அதை மறுப்பது தன் வேலையையே மறுப்பது. ஆனால் போராட்டத்தை முறிக்கவென்றே கூட்டப்பட்ட நான்கு சிங்கிளையும், பணிமனையில் நிற்கும் அரசு வண்டியையும் மறுக்க அவருக்கு இடம் இருக்க வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். ஒரு ஊரில் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினால், பக்கத்து ஊர்த் தறிக்காரர் தன் வழக்கமான பாவை ஓட்டுவதில் தவறில்லை. அந்த ஊருக்குப் போக வேண்டிய பாவு தன் வாசலில் வந்து இறங்கும்போதுதான் அவர் யோசிக்க வேண்டும்.

இப்படி ஒரு கோடு நடைமுறைக்கு ஒத்துவருமா என்றால், சுவீடனில் வந்திருக்கிறது. 2023 அக்டோபர் இறுதியில் டெஸ்லா பணிமனை மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களை மட்டும் இறக்க மறுத்தார்கள். தபால் ஊழியர்கள் டெஸ்லாவின் நம்பர் பிளேட்டுகளை மட்டும் கொண்டுபோக மறுத்தார்கள். மற்றவர்களின் தபால் வழக்கம்போலப் போனது. அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது, பின்னால் சங்கமும் நிற்கிறது. பிரிட்டனில் 1990 முதல் இத்தகைய ஆதரவு நடவடிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. 2005இல் ஹீத்ரோவில் விமான உணவு நிறுவனத் தொழிலாளிகளுக்காக பிரிட்டிஷ் ஏர்வேஸ் தரைப்பணியாளர்கள் வேலையை நிறுத்தியது சட்டவிரோதமாகவே கருதப்பட்டது. மூல வேலைநிறுத்தம் சட்டப்படியானது என்றால் ஆதரவு வேலைநிறுத்தத்தை அடியோடு தடுக்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழுவின் நிலைப்பாடு. இதற்கு அடிப்படையான 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

நம் ஊரில் இன்றைக்கே கையில் இருக்கும் ஒரே உறுதியான பிடி வேலை நேரம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்று வரையறுத்தது. எட்டு மணி நேரம் என்ற அளவு, அதன் இடத்தில் வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டும் நடையை ஓட்டச் சொல்வது சட்டப்படியான உத்தரவு அல்ல. அதை மறுப்பதைக் கீழ்ப்படியாமை என்று சொல்வதும் கடினம். விமானிக்கும் இதுவே வலுவான காரணம். களைப்போடு பறக்கக் கூடாது என்பது அவருக்கு விதி. பறக்கும் நேர வரம்பும் ஓய்வும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்தவை. ஆனால் இந்தக் காரணத்தில் ஒரு குறையும் உண்டு. மனசாட்சிக்காக மறுப்பவர் களைப்பு என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்ததும் இந்த வழியில்தான். தொழிலுறவுத் தொகுப்பு, பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் கூடிப்பேசி எடுக்கும் தற்செயல் விடுப்பையும் வேலைநிறுத்தம் என்று சேர்த்துக்கொண்டுவிட்டது. உண்மையான காரணத்தைச் சொல்ல வழி இல்லாத இடத்தில் பொய்க் காரணம்தான் பழக்கமாகும். பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதியின் மதிப்பும் அதனால் கெடும்.

போராட்டம் முடிந்த பிறகு நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவை வைத்து 12(3) ஒப்பந்தம் என்று போக்குவரத்துத் தொழிலாளிகள் சொல்லும் ஒப்பந்தத் தாளில், வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பழிவாங்கும் நடவடிக்கை கூடாது என்ற வாசகத்தைச் சங்கங்கள் கேட்டு வாங்கும். கழகத்தின் தொழிலாளி மறுநாள் தன் வண்டியில் ஏறிவிடுவார். அவருக்காக நான்கு சிங்கிளை மறுத்து வேலையை இழந்த தனியார் ஓட்டுநர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அவருடைய முதலாளி அந்த மேசையிலேயே உட்காரவில்லை. அவரைக் கருங்காலி என்று திட்டக் காத்திருந்த சங்கத்துக்கு, மறுத்தபோது அவரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் உண்டு. ஆக்டிங் டிரைவரையும் மினி பஸ் ஓட்டுநரையும் உறுப்பினராகச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. மறுத்ததற்காக வேலை போனவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை நாள் கூலி தருவதற்கு ஒரு நிதி போதும். மூல வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டால் அந்த உதவியும் சிக்கலுக்குள்ளாகும் என்பதால், போராட்டம் தொடங்கும் முன்பே அதை உறுப்பினர் நல நிதியாகத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பணிமனைச் சங்கக் கிளைகள் அடுத்த கோரிக்கைப் பட்டியலை எழுத உட்காரும்போது, பஸ் ஸ்டாண்டில் நிற்கும் தனியார் ஓட்டுநர்களில் இரண்டு பேரையாவது உள்ளே அழைத்து உட்கார வைக்கட்டும்.