காடிக்குள் அசையும் பலகை

ஹைதராபாத்தின் குஷாய்குடா பக்கத்து மரக்கடைகளுக்குக் கதவு பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் செதுக்கல் வேலைக்குத்தான் போகிறது. பிள்ளையார், மயில், பூரண கும்பம், சுற்றிவர ஒரு கொடி. நான் பார்ப்பது சட்டத்துக்குள் பலகை இறங்கும் இடத்தை. தச்சரின் கை அங்கேதான் தெரியும்.

வெட்டி அறுத்த பிறகும் மரம் ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அனேகமாக அசையாது. அகலவாக்கில் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஹைதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும். ஜூலை வந்தால் ஈரம் ஏறிவிடும். பலகைகளைச் சேர்த்து ஒட்டி ஒரே பாளமாகச் செய்த கதவு கோடையில் இடுக்கு விடும், மழைக்காலத்தில் நிலையில் சிக்கிக்கொள்ளும்.

பேனல் கதவு இதற்குத் தச்சர்கள் கண்ட விடை. குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்காகச் செதுக்கி, நெடுஞ்சட்டத்தில் குடைந்த துளைக்குள் இறக்கி இறுக்குவார்கள். சட்டங்களின் உள்விளிம்பில் காடி எடுத்துப் பலகையைச் செருகுவார்கள். மூட்டுக்குப் பிசின் உண்டு, பலகைக்குக் கிடையாது. அது காடிக்குள் தன் போக்கில் விரியும், சுருங்கும். கதவின் அளவு பெரிதாக மாறாது. மரத்தை அடக்காமல் அதன் குணத்துக்கு இடம் விட்ட இந்த வேலைக்கு முன்னால் எந்தச் செதுக்கலும் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

நல்ல வேலையா என்று அறிய மே மாதத்தில் பாருங்கள். பலகை சுருங்கியதும் காடியை ஒட்டி மயிரிழை அகலத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரிந்தால், கதவைச் சேர்த்த பிறகுதான் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பொறுமையுள்ள தச்சர் பலகையின் விளிம்புவரை முதலில் பாலிஷ் ஏற்றிவிட்டுத்தான் செருகுவார். அவர் செய்த கதவில் எந்தக் கோடையிலும் அந்தக் கோடு வராது.

பேனல் கதவுக்குத் தேக்கைவிட உகந்த மரம் நம் நாட்டில் இல்லை. ஈரத்துக்கு மிகக் குறைவாகவே அசையும். தன்னுள் இருக்கும் எண்ணெய்ப் பசையால் கரையானை அண்டவிடாது. செட்டிநாட்டு வீடுகளின் தலைவாசல்களில், மேலும் கீழும் குடுமி வைத்துச் சுழலும் இரட்டைக் கதவுகள் பர்மாத் தேக்குக்கு இன்றும் சாட்சி. மியான்மர் 2014 ஏப்ரலில் மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்த பிறகு அந்தத் தேக்கு இன்னும் அரிதாயிற்று. ஹைதராபாத்துக்கு ஒரு நல்வாய்ப்பு, வடக்கே ரயில் பாதையிலேயே பல்லார்ஷா இருப்பது. சந்திரபூர் காட்டுத் தேக்கு வந்து குவியும் ஊர் அது. 2024 ஜனவரியில் திறந்த அயோத்தி ராமர் கோயிலுக்கு அந்த வட்டாரத் தேக்கில் கதவு செய்தது ஹைதராபாத்தின் அனுராதா டிம்பர்ஸ். செதுக்கியவர்களில் தமிழ்நாட்டுக் கைவினைஞர்கள் உண்டு.

கடையில் ஆப்பிரிக்கத் தேக்கும் கிடைக்கும். பெரும்பாலும் தோட்டத்தில் வேகமாக வளர்ந்த மரம். எந்த ஊர்த் தேக்கு என்று கேட்பதோடு நிறுத்தாமல் கட்டையின் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பொன்பழுப்பாக இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்திருக்கும் பகுதியைப் பூச்சி அரிக்கும். பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நிறம்தான். அதனால் பாலிஷுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஃப்ளஷ் கதவை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே சிறு கட்டைகளை நெருக்கி அடுக்கி, இரு புறமும் மெல்லிய மரத்தாள்களை இழை குறுக்காக வரும்படி பீனால் பிசினால் ஒட்டி அழுத்துகிறார்கள். ஒரு தாளின் அசைவை இன்னொன்று பிடித்து நிறுத்துகிறது. பேனல் கதவு இடம் கொடுத்துச் சாதித்ததை இது எதிர்ப்புறத்திலிருந்து சாதிக்கிறது. படுக்கையறைக்கு 30 மில்லிமீட்டர் கனத்தில், ஐ.எஸ். 2202 தர முத்திரையோடு ஒன்று வாங்கினால் போதும். தட்டிப் பாருங்கள், ஓசை எங்கும் ஒரே மாதிரி கெட்டியாக வர வேண்டும். அச்சில் அழுத்திப் பேனல் போலக் காட்டும் மோல்டட் கதவு சிலவற்றுக்கு உள்ளே காகிதக் கூடுதான். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். குளியலறைக்கு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. சரியான பொருள். அதில் ரசிக்க ஒன்றுமில்லை.

கதவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நிலையைக் கவனிப்பதில்லை. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலத் தேக்குக் கதவு எளிதாக 40 கிலோ இருக்கும். அத்தனை பாரமும் கீல் வழியாக நிலையில்தான் இறங்குகிறது. தெலுங்கு வீடுகளில் தலைவாசல் நிலைக்கு நல்ல நேரம் பார்த்துப் பூஜை செய்வார்கள். நாமும் வாசக்கால் வைக்கும்போது அதையே செய்கிறோம். குஷாய்குடா அடுக்ககங்களிலும் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்த மரப்படியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தரை ஒரே மட்டமாகப் போக வேண்டும் என்று அந்தப் படியை எடுத்துவிடுகிறவர்கள், நிலையின் இரண்டு கால்களையும் கீழே சேர்த்துப் பிடிக்கும் கட்டையையே இழக்கிறார்கள்.

பணம் அளவானதென்றால் தலைவாசலுக்கு மட்டும் பல்லார்ஷாத் தேக்கில் செதுக்கல் இல்லாத பேனல் கதவு செய்துகொள்ளுங்கள், அறைகளுக்கு ஃப்ளஷ் போதும். எந்தக் கதவானாலும் மாட்டுவதற்கு முன் அதன் தலையிலும் அடியிலும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு விளிம்புகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரம் அதிகம் ஏறுவது அவற்றின் வழியாகத்தான்.