யாருடைய கோளாறு?

அமெரிக்காவில், காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மனநல ஆலோசகரிடம் போகும் பெண் முழுக் கட்டணத்தையும் முதலில் தன் கையிலிருந்து கட்டுகிறாள். பிறகு ஆலோசகர் தரும் 'சூப்பர்பில்' என்ற ரசீதை அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கிறாள். அந்த ஒற்றைத் தாளைப் பெண்ணிய வாசிப்புக்கு உட்படுத்தலாம்.

அதில் நோய்க்கான குறியீடு கட்டாயம். மணவாழ்க்கைதான் சிக்கல் என்றால் அதற்கும் ஒரு குறியீடு உண்டு: இசட் 63.0. ஆனால் அது நோயல்ல என்று சொல்லிப் பெரும்பாலும் பணம் மறுக்கப்படுகிறது. அதே பெண்ணுக்கு எஃப் 43.2, அதாவது சூழலோடு பொருந்திப்போவதில் கோளாறு என்று எழுதப்பட்டால் தொகை வர வாய்ப்புண்டு. இருவருக்கிடையே இருந்தது அவள் ஒருத்தியின் கோளாறாகிவிடுகிறது. (பொருந்திப்போ என்று நம் வீட்டுப் பெரியவர்களும்தான் சொல்கிறார்கள், எண் போடுவதில்லை, அவ்வளவே.)

எச்-4 விசாவில் போன நம் பெண்கள் பலருக்குக் காப்பீடே கணவனின் வேலைவழி வருவது. எந்தத் தேதி, யாரிடம், எவ்வளவு என்ற விவரத்தாள் பெரும்பாலும் பாலிசிதாரரான அவன் பெயருக்கே போகிறது. தகவல் வெளிப்பட்டால் தனக்கு ஆபத்து என்று அவள் தெளிவாக எழுதிக்கொடுத்தால், வேறு முகவரிக்கு அனுப்ப ஹிப்பா சட்ட விதிகளின்படி காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டது. முதல் ரசீதை அனுப்புமுன்பே அதைக் கொடுத்துவிட வேண்டும். காசோலை யார் பெயரில் வரும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.