பால்பன் வீட்டுக் கதையை ரசிக்கும் விதம்

சாயர்புரத்திலிருந்து பழையகாயலுக்குச் சென்ற ஒரு மாலையில் உடன் வந்த கல்லூரி மாணவனிடம் தில்லி சுல்தான்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். பெயர்களே வாயில் நுழையவில்லை என்று ஒதுங்கிவிட்டான். ருஷ்ய நாவல்களின் நீண்ட பெயர்களையெல்லாம் தந்தையின் பெயரோடு சேர்த்து ஒப்பிக்கும் பிள்ளை அவன்! இந்தக் காயல் துறையில் பாண்டியனுக்காக அரபுக் குதிரைகள் வந்திறங்கிய அதே காலத்தில், வடமேற்கு எல்லையில் ஒரு துருக்கிய இளவரசன் குதிரைமேலிருந்து வீழ்ந்த கதையை அவன் இழக்கலாமா?

ஆரம்பப் பாடம் ஐந்தே பெயர். 1266-இல் தில்லி அரியணை ஏறியவர் பால்பன். முல்தானில் எல்லை காத்த தளபதி, மூத்த மகன் முகம்மது. வங்காளத்தை ஆண்டவன் இளைய மகன் புக்ரா கான். பேரர்களில் கைகுஸ்ரு மூத்தவனின் மகன். கைகுபாத் இளையவனின் மகன். இவ்வளவு போதும்.

ஆனால், ஒரு பேதத்தை மட்டும் உணராமல் மேலே போகக் கூடாது. நம் பாடப்புத்தகங்கள் 'அடிமை வம்சம்' என்று தலைப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இதைவிட மேம்போக்கான சொற்சேர்க்கையை நான் கண்டதில்லை. குத்புத்தீன் ஐபக், இல்துமிஷ், பால்பன் ஆகிய மூவரும் விலைக்கு வாங்கப்பட்டவர்களே. ஆயினும் வெவ்வேறு குடும்பங்களில் பிறந்தவர்கள். அடிமை என்றதும் நம் மனம் பண்ணைக்கும் களத்துமேட்டுக்கும் போகிறது. துருக்கிய அடிமையோ, சொந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு, குதிரையேற்றமும் வில்வித்தையும் அரசவை ஒழுங்கும் பழக்கப்பட்டு, எஜமானனைத் தவிர வேறு நாதியில்லாத காரணத்தாலேயே படையையும் பதவியையும் ஏற்கத் தகுந்தவனாகக் கருதப்பட்டவன். மங்கோலியர் பிடித்து விற்ற சிறுவனாகப் பாக்தாதை அடைந்த பால்பன், 1232 வாக்கில் இல்துமிஷின் உடைமையாகி, பின்னர் அந்த இல்துமிஷின் மரபிலேயே வந்த சுல்தான் நாசிருத்தீனுக்குத் தம் மகளை மணமுடித்துக் கொடுத்து, இறுதியில் தாமே சுல்தானானவர். அவருடைய மகன் முகம்மதுவோ யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை. விற்கப்பட்டவர் தந்தை, பிறப்பிலேயே சீமான் மகன்: இந்த இடைவெளியை நெஞ்சில் வாங்கிக்கொண்டால்தான் கதையின் சுவை பிடிபடும்.

இளவரசன் கவிஞர்களைப் போற்றியவன். ஷீராஸ் நகரத்துக் கவிஞர் சாதியை முல்தானுக்கு வரும்படி அழைத்தான். அந்தப் பெருங்கவி முதுமையைக் காரணம் கூறி வரவில்லை. கவிஞர் அமீர் குஸ்ரு வந்து ஐந்தாண்டுகள் உடனிருந்தார். 1285-இல் மங்கோலியரோடு நடந்த போரில் முகம்மது மாண்டு 'கான்-இ-ஷஹீத்', உயிர்த்தியாகம் செய்த இளவரசன், என்ற பெயரைப் பெற்றான்; குஸ்ரு சிறைப்பட்டார். பிடித்தவன் குதிரைமேல் வர, அவனுடைய மூட்டையைச் சுமந்து கொளுத்தும் வெயிலில் கவிஞர் நடக்கிறார். நீர்நிலை ஒன்று கண்டதும் வீரனும் குதிரையும் வயிறு முட்டக் குடித்து அங்கேயே மாண்டுபோக, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்ட குஸ்ரு தப்பிவந்து இளவரசனுக்கு இரங்கற்பா பாடுகிறார்.

மாறுவேஷத்தையும் சுரங்கப்பாதையையும் சரித்திர ரசம் என்று மெச்சும் விமரிசகர்கள் இந்த ஒரு காட்சிக்கு ஈடாக எதைக் காட்டுவார்கள்?

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் மனம் போரில் நிலைப்பதில்லை. எண்பது வயதுக் கிழவர் பால்பன் பகலில் முகம் சுளிக்காமல் தர்பார் நடத்தி, இரவில் உடையைக் கிழித்துக்கொண்டு, தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அழுதாரென வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரணீ எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்துவிடுவேன். தம்மைப் பிடித்து விற்ற அதே கூட்டத்தார் கையில் அல்லவா மகனையும் பறிகொடுத்தார்!

பால்பன் மறைந்தபின், அவர் வாரிசாகக் குறித்த கைகுஸ்ருவை விலக்கி, பிரபுக்கள் கைகுபாதை அரியணையில் ஏற்றினார்கள், கைகுஸ்ரு கொல்லப்பட்டான். பிறகு தகப்பன் புக்ரா கானும் மகன் கைகுபாதும் படைகளோடு அயோத்திப் பக்கத்துச் சரயுக் கரையில் எதிரெதிரே நிற்கிறார்கள். போர் நடக்கவில்லை. புக்ரா கான் அரியணையிலிருந்த மகனுக்குத் தலைவணங்கி நெருங்கினான். கீழே இறங்கி ஓடிவந்த மகனைத் தழுவிக்கொண்டான். இதைத்தான் குஸ்ரு 1289-இல் காவியமாக்கினார். ஆனால், மகனையும் தில்லியையும் இனிக் காணப்போவதில்லை என்று திரும்பும் வழியில் தன்னவர்களிடம் சொன்ன தகப்பனைப் பரணீயிடமே கேட்க வேண்டும். காவியம் பிறந்த மறு ஆண்டே, 1290-இல், கைகுபாதின் உடலை யமுனையில் எறிந்தார்கள்.