ஐரோப்பிய எண்ணிமச் சேவைகள் சட்டம்: ஒரு விமர்சன நோக்கு

சட்டமொன்றை மதிப்பிடப் புகுவோர் அது எவற்றைத் தடைசெய்கின்றது என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அது யாரைக் கணக்குக் காட்டுமாறு பணிக்கின்றது, அக்கணக்கைச் சரிபார்க்கும் உரிமையை யாருக்கு வழங்குகின்றது என்பனவும் ஆராயற்பாலன. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இயற்றி, 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திவரும் எண்ணிமச் சேவைகள் சட்டத்தின் வலிமையும் குறைபாடும் இவ்வினாக்களின் வழியே தெளிவாகப் புலப்படும்.

இச்சட்டம் தோன்றியமைக்கான காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு முன்னைய நிலையை நோக்குதல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் மின்வணிகப் பணிப்புரை, பிறர் இடும் பதிவுகளைத் தாங்கிநிற்கும் நிறுவனங்களுக்குப் பொறுப்பிலிருந்து விலக்களித்தது. சட்டவிரோதமான பதிவொன்று பற்றி அறியாதிருக்கும்வரை அவை பொறுப்பாளிகள் ஆகா. அறிந்ததும் விரைந்து நீக்கினாற் போதுமானது. பண்டகசாலைக்காரர் தம்மிடம் வைக்கப்பட்ட மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது போன்றதொரு கருத்தே இதன் அடிப்படையாகும். ஆயின், அடுத்துவந்த இரு தசாப்தங்களில் பேஸ்புக், யூடியூப் முதலிய இணைய மேடைகள் வெறும் பண்டகசாலைகளாக இருக்கவில்லை. எந்த மூட்டையை முன்வாயிலில் வைப்பது, எதனை யார் கண்ணிற் படச்செய்வது என்று தீர்மானிப்பதே அவற்றின் தொழிலாயிற்று. பார்ப்போரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்பதே பிரதான வருவாயாக அமைந்தமையால், மக்களை நீண்டநேரம் பிடித்துவைக்கும் பதிவுகள் முதலிடம் பெறலாயின.

இந்நிலைக்கு ஜெர்மனி 2017இல் ஒரு விடை காண முயன்றது. வெளிப்படையாகவே சட்டவிரோதமான பதிவுகளை, முறைப்பாடு கிடைத்து 24 மணித்தியாலங்களுள் நீக்குதல் வேண்டும் என்றும், அதற்குரிய ஒழுங்குமுறையைப் பேணத் தவறின் 5 கோடி யூரோ வரை தண்டம் விதிக்கப்படும் என்றும் அந்நாட்டுச் சட்டம் கூறிற்று. தண்டத்துக்கு அஞ்சும் நிறுவனம் நியாயமான கருத்துகளையும் சேர்த்து நீக்கிவிடும் என்ற கண்டனம் அன்றே எழுந்தது.

எண்ணிமச் சேவைகள் சட்டம் வேறொரு வழியைத் தெரிந்துகொண்டது. தனித்தனிப் பதிவுகளைக் காட்டிலும் அவற்றைப் பரப்பும் பொறிமுறையையே அது முதன்மையாக நோக்குகின்றது. ஒன்றியத்தினுள் மாதந்தோறும் சராசரியாக 4 கோடி 50 இலட்சம் பயனாளரையேனும் கொண்ட மேடைகளும் தேடுபொறிகளும் மிகப் பெரியனவாக வகுக்கப்படுகின்றன. 2023 ஏப்ரலில் முதன்முறையாக 19 சேவைகள் இவ்வகையுள் அடக்கப்பட்டன. தம் சேவையினால் அடிப்படை உரிமைகளுக்கும் தேர்தல்களுக்கும் சிறுவர் நலனுக்கும் நேரக்கூடிய கேடுகளை அவை ஆண்டுதோறும் மதிப்பிட்டுத் தணித்தல் வேண்டும். தவறின், உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 வீதம் வரை தண்டம் விதிக்கலாம். இதனைப் பேச்சை ஒடுக்கும் சட்டம் எனச் சாடுவோர் ஓருண்மையைக் கருத்திற் கொள்வதில்லை. எப்பேச்சு சட்டவிரோதமானது என்று இச்சட்டம் புதிதாக வரையறுக்கவில்லை. எல்லாப் பதிவுகளையும் பொதுவாகக் கண்காணிக்கும் கடமையை விதிப்பதையும் அது விலக்குகின்றது. பதிவு நீக்கப்பட்டவருக்குக் காரணம் கேட்கவும் முறையிடவும் உரிமை வழங்குகின்றது.

எனினும், இச்சட்டத்தின் உள்முரண்பாடும் இங்குதான் உள்ளது. கேட்டை மதிப்பிடும் முதற்கடமை, கேட்டுக்குக் காரணமாகக்கூடிய நிறுவனத்திடமே விடப்பட்டுள்ளது. புறக் கணக்காய்வாளர் உளர். ஆயின் அவரைத் தெரிவதும் அவருக்குக் கட்டணம் செலுத்துவதும் அந்நிறுவனமே. தன் இலாபத்தின் ஊற்றையே ஐயத்துக்குள்ளாக்கும் வினாவை எந்நிறுவனமும் தானாக எழுப்பும் என எதிர்பார்த்தல் இயலாது. கவனத்தை விற்கும் வணிகத்தின் அடித்தளத்தைச் சட்டமும் தொடவில்லை. பயனாளரின் நடத்தையைப் பின்தொடராத பரிந்துரை முறையொன்றையும் மிகப் பெரிய மேடைகள் வழங்குதல் வேண்டும் என்கின்றது. அதுவே இயல்பான முறையாக இருத்தல் வேண்டும் என்று கூறவில்லை.

ஆதலின், நிறுவனம் எழுதும் கணக்கைப் பிறர் சரிபார்க்க வழிவகுக்கும் 40ஆம் உறுப்புரையே இச்சட்டத்தின் உயிர்நிலை எனலாம். 2021இல் பேஸ்புக்கின் உள்ளக ஆய்வுகள் உலகுக்குத் தெரியவந்தமைக்கு, பிரான்சஸ் ஹோகன் என்னும் முன்னாள் ஊழியர் ஆவணங்களை வெளிக்கொணர்ந்தமையே காரணம். ஒருவரின் துணிவில் தங்கியிருந்த அவ்வுண்மையை ஆய்வாளரின் உரிமையாக மாற்ற இவ்வுறுப்புரை முயல்கின்றது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு எக்ஸ் நிறுவனத்துக்கு விதித்த 12 கோடி யூரோ தண்டம் இங்கு நோக்கத்தக்கது. நீலக் குறியினால் பயனாளரை மயக்கியமை, விளம்பரக் களஞ்சியத்தை ஒளிவுமறைவின்றிப் பேணாமை, ஆய்வாளருக்குத் தரவுகளை மறுத்தமை ஆகிய மூன்றுமே குற்றங்களாகக் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றேனும் எவருடைய கருத்தையும் நீக்க மறுத்தமை பற்றியதன்று.

ஆயினும், கேட்கப்படாத கணக்கை எவரும் சரிபார்த்தல் இயலாது. பதிவுகளைப் பரிசீலிக்க ஒன்றியத்தின் உத்தியோக மொழிகளுள் எவ்வெவற்றுக்கு எத்தனை ஊழியர் உளர் என்பதை இம்மேடைகள் வெளியிடக் கடமைப்பட்டுள்ளன. இது பெரும் முன்னேற்றமே. ஆனால் உத்தியோக மொழிகள் 24 மட்டுமே. பார்சலோனாவின் கற்றலனும், பேர்லினின் துருக்கியமும், பாரிஸில் வாழ்வோர் பேசும் அரபும் தமிழும் அவ்வெண்ணிக்கையில் இடம்பெறுவதில்லை. மதிப்பீட்டில் மொழிச் சிறப்பியல்புகளைக் கருதுமாறு சட்டம் பொதுவாகக் கூறினும், எண்ணிக்கையைக் கேட்பது உத்தியோக மொழிகளுக்கே. ஒரு மொழியில் வெறுப்பு பரவும்போது அதனை வாசித்தறிய ஓர் ஊழியரேனும் உள்ளாரா என்பது, அம்மொழி பேசுவோருக்குப் பாதுகாப்புப் பற்றிய வினாவாகும்.

சுருங்கக் கூறின், இருளில் நிகழ்ந்தவற்றை ஏட்டில் எழுதுமாறு இச்சட்டம் பெருநிறுவனங்களைப் பணித்துள்ளது. அது சிறிய வெற்றியன்று. ஆயின் ஏட்டை எழுதும் கை இன்னமும் நிறுவனத்தினுடையதே. ஆய்வாளரும் சிறுபான்மை மொழி பேசுவோரும் அவ்வேட்டைத் திறந்து வினாவும் நிலை உருவாகும் அளவிலேயே இச்சட்டம் மக்களுக்குரியதாகும்.