எழுவாய் இல்லாத குழி

‘கண்டெடுக்கப்பட்டது’ என்ற சொல்லில் ஆள் இல்லை. அகழாய்வு பற்றித் தமிழில் நான் படித்தவற்றில் பெரும்பாலும் இந்த வினைதான் ஆட்சி செய்கிறது. செய்திக் குறிப்பில் அதன் உருவம் தெரியும். கீழடிக்குப் பிறகு பெருகிவிட்ட கவிதைகளிலோ உருவம் மறைந்து அதன் மனம் மட்டும் இருக்கிறது.

ஆமத்தூரிலிருந்து சிவகாசி போய்ப் பஸ் மாறினால் வெம்பக்கோட்டை. பக்கத்தில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. 2023, 2024 என மேலும் இரண்டு கட்டங்கள். சங்கு வளையல், சுடுமண் உருவம், பாசிமணி எல்லாம் பிரசித்தம். ஒரு விடுமுறை நாளில் போய் நின்ற நான் பார்த்தது வேறு. காலை முழுவதும் சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. சதுரக் குழிக்குள் குந்தியபடி மண்ணைச் சுரண்டினார்கள். சட்டி மேலே போயிற்று. சலித்தார்கள். ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக் குழி எண்ணும் ஆழமும் எழுதிய பையில் போட்டார்கள். மறுபடியும் சுரண்டல்.

“ஓடு பட்டா ஒரு சத்தம், கல்லு பட்டா ஒரு சத்தம் சார்” என்றார் ஒரு அம்மா. முன்பு பட்டாசு ஆலையில் இருந்தவர். அங்கே உரசினால் நெருப்பு; இங்கே அழுத்தினால் பானை உடையும். இரண்டுக்கும் ஒரே கை.

அந்தக் காதுக்கும் கைக்கும் எந்த எழுத்தில் இடம்? பாங்கு வவுச்சரில்கூட எழுதியவன், சரிபார்த்தவன் கையெழுத்து உண்டு.

விஞ்ஞானிக்குச் செயப்பாட்டு வினை ஓர் ஒழுக்கம். ஆள் மாறினாலும் முடிவு மாறக்கூடாது என்பது அதன் நியாயம். கவிஞனுக்கு அது வெறும் சோம்பல். அவன் குழியில் இறங்குவதில்லை; கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று பூரிக்கிறான்.

1945இல் அரிக்கமேட்டில் தோண்டிய மார்ட்டிமர் வீலர் மண்ணடுக்கை வலியுறுத்தியவர். அடுக்கிலிருந்து பிடுங்கிய பொருள் அர்த்தத்தை இழந்துவிடும் என்பது இத்துறையின் பாலபாடம். அப்படியானால் அந்தப் பொருளின் மேல் படிந்த கடைசி அடுக்கு, அதை எடுத்த கை. நம் எழுத்து முதலில் சீவி எறிவது அந்த அடுக்கைத்தான்.

ஒன்றும் கிடைக்காத ஒரு காலையை, முழங்கால் வலியோடு, செய்வினையில் எழுதிக் காட்டட்டும். பழம்பெருமையைப் பற்றிப் பிறகு பேசலாம்.